ஆகாய மார்க்கமாக ஒரு நாய்க்குட்டி

பிழைப்பின் பொருட்டும் பதவியின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள், ஊரிலிருந்து தருவித்துக்கொள்ளும் பொருள்கள் பல. காப்பிப் பொடி, அப்பளம், ஊறுகாய் போன்றவை இரண்டு நாள் தாமதித்து வந்தாலும் கேடொன்றுமில்லை. உயிருள்ள ஒன்றை அவ்வாறு தருவிக்க இயலாது. புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தென்பாண்டிச் சீமையிலிருந்து ஒரு நாய்க்குட்டியை வரவழைத்து வளர்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து அக்குட்டி நலம் குன்றாமல் வந்து சேர்வதற்குச் செய்ய வேண்டியவை எவை என்பதை இங்கு நாம் ஆராய்வோம்.

இத்தகைய விருப்பம் வியப்புக்குரியதன்று. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்கள் இன்று நாடெங்கும் பெயர் பெற்றுள்ளன. 2005 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்திய அஞ்சல் துறை நாயினங்களைக் குறித்து வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்று இராஜபாளையம் நாயின் உருவம் தாங்கியது. 2020 ஆகஸ்டில் வானொலியில் ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் இவ்வினங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நாய் வளர்க்க எண்ணுவோர் இந்திய இனங்களையே நாடுமாறு கேட்டுக்கொண்டார். பிறந்த மண்ணின் நினைவாக அத்தகைய குட்டி ஒன்று வீட்டில் வளைய வர வேண்டும் என்று நம்மவர் எண்ணுவது இயல்பே.

சென்னையிலிருந்து புனேக்கு நேராக வரும் விமானம் வானில் செலவிடும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு. எனவே பலரும் அஞ்சுவது அந்த இரண்டு மணி நேரத்தைக் குறித்துத்தான். உண்மையில் அஞ்ச வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொழுதையே. பால் மறவாத குட்டியை அனுப்புதல், அளவு பொருந்தாத பெட்டியில் அடைத்தல், நண்பகல் வெயிலில் ஓடுதளத்தருகே காக்க வைத்தல் ஆகிய பிழைகள் எல்லாம் தரையில் நிகழ்பவை. குட்டியின் உயிர்க் காப்பு தரையிலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதை மனத்தில் கொண்டால், மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

வயதும் தடுப்பூசியும்

முதலில் வயதைக் கவனிப்போம். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து மத்திய அரசு 2017 ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. இது வெறும் சட்ட நுணுக்கமன்று. எட்டு வாரத்திற்குள் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரியும் குட்டி, தானாக உண்ணவும் அச்சத்தைத் தாங்கவும் போதிய பயிற்சி பெற்றிராது. உடல் சிறுத்த குட்டிகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. அவற்றின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. பல மணி நேரம் உணவின்றி அச்சத்தோடு கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, குட்டி துவண்டு நினைவிழக்கவும் கூடும்.

எட்டு வாரம் என்பது கீழ்வரம்பேயன்றி உகந்த காலமன்று. தாய்ப்பாலின் வழியே கிடைத்த நோய் எதிர்ப்பாற்றல் படிப்படியாகக் குறைந்து வரும் பருவம் அது. தடுப்பூசியின் பயன் முழுமையாகச் சேர்வதற்கு முன் உள்ள அந்த இடைவெளியில்தான் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய்கள் குட்டிகளைப் பற்றுகின்றன. பல ஊர் நாய்களும் வந்து போகும் சரக்குக் கூடத்தில் குட்டியை இறக்கி வைப்பது, இவ்விடைவெளியில் செய்யத் தகாத செயல். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடப்பெறும் ஊசித் தொடர், பதினாறு வாரம் வரை நீளும். வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாகப் பன்னிரண்டு வாரம் நிறைந்த பின்னரே இடப்பெறும். அதன் பயன் உடலில் ஊன்றச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, நான்கு மாதம் நிறைந்த பின் அழைத்துக்கொள்வது அறிவுடைமை. பொறுத்திருக்கும் அந்த வாரங்களில் ஊசி இட்ட நாள்களைக் குறித்த சிறு புத்தகம் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மருத்துவரின் சான்றிதழ். 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1978 இல் இயற்றப்பட்ட விலங்குப் போக்குவரத்து விதிகள், நாய் பூனைகளை எவ்வழியில் அனுப்பினாலும், அவை பயணத்திற்குத் தகுதியானவை, தொற்றுநோய்க் குறி அற்றவை என்று கால்நடை மருத்துவர் அளித்த சான்றிதழ் உடன்வர வேண்டும் என்று கூறுகின்றன. புறப்படும் நாளுக்கு அண்மையில் இதனைப் பெறுதல் நன்று. பழைய சான்றிதழை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. இராஜபாளையம் போன்று முழுதும் வெண்மையான இனங்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. மருத்துவர் பார்க்கும்போதே குட்டியின் பின்புறமிருந்து கை தட்டி அதன் செவிப்புலனையும் சோதிக்கச் சொல்லலாம்.

பெரும்பதவியில் உள்ளோரும் இத்தகைய சோதனைக்கு விலக்கானவர் அல்லர். 1960 ஆகஸ்டில் விண்வெளி சென்று உயிருடன் மீண்ட சோவியத் நாய்களுள் ஒன்று ஸ்திரெல்கா. அது ஈன்ற புஷிங்கா என்னும் குட்டியை, 1961 இல் சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்திற்குப் பரிசாக அனுப்பினார். விண்வெளி வீராங்கனையின் மகளாயினும், மருத்துவ சோதனைக்குப் பின்னரே அது வெள்ளை மாளிகையில் குடிபுகுந்தது.

பெட்டியின் இலக்கணம்

பெட்டி பெரிதாக இருந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். அளவுக்கு மீறிய பெட்டியில் குட்டி உருண்டு அடிபடும். சிறிய பெட்டியில் திரும்பவும் நிற்கவும் இயலாது தவிக்கும். உலக விமானப் போக்குவரத்துச் சங்கமாகிய அயாட்டா, உயிர்ப் பிராணிகளுக்கான விதிநூலில் எளிய கணக்கு ஒன்றை வகுத்துள்ளது. மூக்கின் நுனியிலிருந்து வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம் கிடைக்கும். தோள்களின் அகலத்தை இரட்டித்தால் பெட்டியின் அகலம். குட்டி நிற்கையில் தலை உச்சி அல்லது காது நுனி, இவற்றுள் எது உயர்ந்ததோ அந்த உயரத்தோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் பெட்டியின் உயரம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குட்டியின் நீளம் 50 சென்டிமீட்டர், முழங்கை உயரம் 20, தோள் அகலம் 15, நிற்கும் உயரம் 42, விரிப்பு 3 என்று கொள்வோம். பெட்டியின் உள்ளளவு 60 நீளம், 30 அகலம், 45 உயரம் ஆகும். வளரும் குட்டியாதலின், இந்த அளவைப் பயணத்திற்கு ஒரு மாதம் முன் எடுத்தால் பயனில்லை. புறப்படும் வாரத்தில் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும்.

பெட்டியின் சுவர்கள் உறுதியானவையாக இருத்தல் அவசியம். வீட்டில் பயன்படும் மெல்லிய கம்பிக் கூண்டு விமானச் சரக்கறைக்கு ஏற்றதன்று. நாற்புறமும் காற்றுத் துளைகளும், எளிதில் திறவாத கதவும், வெளியிலிருந்தே நீர் ஊற்றத்தக்க கிண்ணமும் இருக்க வேண்டும். அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு வேண்டும். 1978 ஆம் ஆண்டு விதிகள் வைக்கோல், மரத்தூள், காகிதத் துணுக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. அவற்றின் மேல், தாயும் குட்டிகளும் படுத்திருந்த பழந்துணி ஒன்றைப் போட்டு வைத்தால் அதன் மணம் குட்டிக்குப் பெரும் ஆறுதல் தரும். கழுத்தை இறுக்கும் சங்கிலியையும் வாய்ப்பூட்டையும் உள்ளே விட்டுவைத்தலாகாது.

பழக்கம் வேண்டும், மயக்கம் வேண்டா

புறப்படும் நாளன்று முதன்முறையாகப் பெட்டிக்குள் தள்ளப்படும் குட்டிக்கு அது சிறையாகவே தோன்றும். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பெட்டியை வீட்டில் திறந்து வைத்து, அதனுள் உணவிட்டு, உறங்கவும் விட்டால், அது தன் வளை என்றே குட்டி கருதத் தொடங்கும். பின்னர் கதவைச் சிறிது நேரம் சாத்தியும், பெட்டியோடு வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றியும் பழக்கலாம். விற்பவர் இதற்கு இசைய வேண்டும் என்பதை விலை பேசும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் நாடும் குறுக்கு வழி மயக்க மருந்து. குட்டி அமைதியாக உறங்கி வரட்டும் என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணமாயினும், விளைவு தீயது. மயக்க மருந்து மூச்சின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகிறது. உடல் தன் வெப்பத்தைச் சீர்செய்யும் ஆற்றலையும் குறைக்கிறது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பான அளவு வரை தாழக்கூடும். இவ்விரண்டும் சேர்ந்தால் குட்டியின் இதயம் தாங்காது. விமானம் சாயும்போது தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவும் மயங்கிய குட்டியால் முடியாது. இது பற்றியே விமான நிறுவனங்களும் கால்நடை மருத்துவர்களும் மயக்க மருந்தைத் தவிர்க்கச் சொல்கின்றனர்.

மூவகைப் பயணம்

விமானத்தில் குட்டியை அழைத்துவர மூன்று வழிகள் உள்ளன. பயணியின் காலடியில் சிறு கூடையில் வைத்து வருதல் முதலாவது; பயணி செல்லும் அதே விமானத்தின் அடியறையில் பயண மூட்டையாக வருதல் இரண்டாவது; உடன்வருவோர் இன்றித் தனிச் சரக்காக வருதல் மூன்றாவது. நம் நாட்டில் சில நிறுவனங்களே பிராணிகளை ஏற்கின்றன. ஏர் இந்தியா குறிப்பிட்ட நிபந்தனைகளோடு ஏற்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பர் முதல் ஏற்று வருகிறது. இருக்கைப் பகுதியில் அனுமதிக்கும் எடை கூடையையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. அது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். ஆதலால் சீட்டு வாங்குமுன் நிறுவனத்தைக் கேட்டு, மறுமொழியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. ஒரு விமானத்தில் ஏற்கும் பிராணிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

அடியறை என்றவுடன் பலரும் காற்றில்லாத குளிர்ந்த குகையை நினைத்துக்கொள்கின்றனர். அடியறையின் காற்றழுத்தமும் மேலே பயணிகள் அமரும் பகுதியின் காற்றழுத்தமும் ஒன்றே. ஆனால் வெப்பத்தைச் சீர்செய்து புதுக்காற்றைச் செலுத்தும் வசதி எல்லா விமானங்களின் எல்லா அறைகளிலும் இருப்பதில்லை. ஆகவே, ‘இந்த விமானத்தில் உயிர்ப் பிராணி ஏற்றத்தக்க அறை உண்டா?’ என்னும் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். விமானியிடம் பிராணி இருப்பது தெரிவிக்கப்பட்டால்தான் அவ்வறையின் வெப்பத்தை அவர் கவனிப்பார்.

தட்டை மூக்கு இனங்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் முதலியவற்றின் குறுகிய மூச்சுப் பாதை இதற்குப் போதாது. விமானங்களில் இறந்த உயர்சாதி நாய்களுள் ஏறத்தாழப் பாதி தட்டை மூக்கு இனத்தவை என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010 இல் அறிவித்தது. நீண்ட முகமும் குறைந்த உரோமமும் உடைய நம் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இவ்வகையில் பேறு பெற்றவை. இருக்கைப் பகுதியும் கவனமின்றிப் போனால் காவாது. 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் சென்ற விமானம் ஒன்றில், கூடையோடு தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைக்கப்பட்ட பிரெஞ்சு புல்டாக் குட்டி இறந்துபோயிற்று.

நாளும் பொழுதும்

நல்ல நாள் பார்ப்பது நம் வழக்கம். இங்குப் பார்க்க வேண்டியது வானிலையை. சென்னையில் மே மாதம் 40 பாகையைத் தாண்டுவது அரிதன்று. புனேயிலும் ஏப்ரல், மே மாதங்களின் பகல் அதனை அணுகும். கதவு திறந்த விமானத்தின் அடியறையிலும், சரக்குத் தள்ளுவண்டியிலும் வெப்பம் அதனினும் மிகும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு மழையும் புயலும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்தால், ஜனவரியின் பிற்பகுதியும் பிப்ரவரியும் உகந்தவை. புனேயின் தை மாத இரவு நம் தென்மாவட்டக் குட்டிக்குக் கடுங்குளிராகத் தோன்றும். போர்த்தக் கம்பளித் துணி ஒன்றோடு செல்ல வேண்டும்.

கோடையில் வேறு வழியில்லையெனில் விடியற்காலை அல்லது இரவு விமானமே தகும். எக்காலத்திலும் இடையில் மாறாத நேர் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் விதி. இராஜபாளையத்திற்கு அண்மையில் உள்ளது மதுரை விமான நிலையமாயினும், இடையே ஓரிடத்தில் இறக்கி மறு விமானத்தில் ஏற்ற நேருமானால், சென்னை வரை தரைவழியே ஓரிரவு வந்து அங்கிருந்து நேராகப் பறப்பது மேல். புனேயின் லோகேகாவ் நிலையம் இந்திய விமானப் படைத் தளத்தின் ஓடுதளத்தையே பயன்படுத்துவது. ஆதலால், அட்டவணை மாறியிருக்கிறதா என்பதை முந்தைய நாளும் கேட்டறிவது நன்று.

புறப்படும் வேளை

பயணத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உணவும் நீரும் கொடுக்க வேண்டும் என்றும், பசியோடோ தாகத்தோடோ பெட்டியில் அடைத்தலாகாது என்றும் 1978 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நீண்ட பயணத்தில் கோடையாயின் நான்கு மணிக்கு ஒருமுறையும் குளிர்காலமாயின் ஆறு மணிக்கு ஒருமுறையும் நீர். குட்டிகளுக்கு நான்கு மணிக்கு ஒருமுறை உணவு. வானில் இரண்டு மணி நேரந்தான் என்றாலும், சரக்குக் கூடத்தில் ஒப்படைப்பது முதல் இங்கே பெற்றுக்கொள்வது வரை ஆறேழு மணி நேரம் ஆகக்கூடும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அடைக்குமுன் சற்று நேரம் நடக்க விட்டு, மலசலம் கழிக்கச் செய்தல் முறை.

பெட்டியின் மேல் உயிர்ப் பிராணி என்னும் அடையாளத் தாளும், மேற்புறத்தைக் காட்டும் அம்புக்குறியும், அனுப்புவோர், பெறுவோர் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒட்டப்பட வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கு ஒரு சொல் கூறுவோம். ‘தண்ணீர் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்’ என்னும் குறிப்பைத் தமிழில் மட்டும் எழுதினால், அது சென்னையைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால், தள்ளுவண்டி இழுப்பவரிடம் அது பேசாது. தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்றிலும் பெரிய எழுத்தில் எழுதி, குட்டியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பெயர் தெரிந்தவுடன் அதை அழைத்துத் தட்டிக்கொடுக்க முன்வரும் கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஏமாறாதிருத்தல்

குட்டியை நேரில் காணாது தொலைவிலிருந்து வாங்குவோரைக் குறிவைத்து ஒரு வஞ்சகம் நடைபெறுகிறது. அழகிய படத்தைக் காட்டி, குறைந்த விலை சொல்லி, முன்பணம் பெறுவர். பின்னர், ‘குட்டி விமான நிலையம் வந்துவிட்டது, கூண்டுக்கு இவ்வளவு, காப்பீட்டிற்கு இவ்வளவு, பிறகு திருப்பித் தந்துவிடுவோம்’ என்று மேலும் மேலும் கேட்பர். குட்டி என்பதே அங்கு இராது. ஊரிலுள்ள உறவினர் ஒருவரை நேரில் அனுப்பி, குட்டியையும் தாயையும் பார்க்கச் செய்வதே இதற்கு மருந்து. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதும் வாங்குவோரின் உரிமை.

வெளிநாட்டிலிருந்து நாயுடன் திரும்புவோர், அதற்கான அனுமதி தனியே பெற வேண்டும் என்பதையும், விலங்குத் தொற்றுத்தடை நிலையம் உள்ள மும்பை, சென்னை போன்ற நகரங்களின் வழியாகவே வர இயலும் என்பதையும் நினைவிற்கொள்க.

வந்து சேர்ந்த பின்

விமானம் இறங்கும் முன்பே சரக்குக் கூடத்தில், அடையாளச் சான்றும் சரக்குச் சீட்டு எண்ணும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெட்டியை அங்கேயே திறந்துவிடலாகாது. வெருண்ட குட்டி ஓடிவிடக்கூடும். வீட்டினுள் ஒதுக்கமான ஓரிடத்தில் திறந்து, முதலில் சிறிது நீரும், சற்றுப் பொறுத்து, அங்கே உண்டு பழகிய அதே உணவைச் சிறிதளவும் கொடுக்கலாம். உணவை மாற்றுவது ஒரு வாரத்திற்குப் பின், படிப்படியாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள்களுக்குள் உள்ளூர் மருத்துவரிடம் காட்டுக. உண்ணாமை, வாந்தி, கழிச்சல், ஈறு வெளுத்தல் ஆகியவை காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டா. அக்கம்பக்கத்து மராத்திக் குழந்தைகள் குட்டியைக் காண ஓடி வருவர்; அவர்களைச் சில நாள் பொறுக்கச் சொல்லுதல் குட்டிக்குச் செய்யும் உதவி.

இறுதியாக ஒன்று. விமானம் விரைவானது என்பதனாலேயே சிறந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. மும்பையையும் தமிழகத்தையும் இணைக்கும் விரைவு வண்டிகள் சில புனே வழியாகவே செல்கின்றன. குளிர்சாதன முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தவர்கள் நாயைத் தம்முடனே அழைத்துவர இரயில்வே விதிகளில் இடம் உண்டு. நேரம் அதிகம், ஆயினும் குட்டி கண் காணும் தொலைவில் இருக்கும். விமானமேயாயினும், ஒருவர் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது உடன் அழைத்துவருதல், தனிச் சரக்காக அனுப்புவதைக் காட்டிலும் மேலானது. இவை எதற்கும் வாய்ப்பில்லை, பருவமும் பொருந்தவில்லை என்றால், குட்டியை இன்னும் இரண்டு திங்கள் தாயுடனே இருக்க விடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. பல ஆண்டுகள் நம்முடன் வாழ வரும் ஓர் உயிருக்காக இரண்டு திங்கள் காத்திருத்தல் பெரிதன்று.